மணல் மலையான கதையும் மலை மணலாகிற கதையும்



அகரம் என்று சொன்னால் இந்தத் திண்டுக்கல் வட்டாரத்தில் முத்தாலம்மன் நினைவுக்கு வராதவர் இல்லை. மண்ணெடுத்து அம்மனைச் செய்து, கண் திறந்து, ஊர் கூடிக் கொண்டாடி, மறுபடியும் அந்த மண்ணிடமே சேர்த்துவிடுகிற ஊர் இது. மண்ணுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊரில் ஒரு மலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெறும் மணலால் ஆன மலை. கடல் தாண்டி, ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செம்மண் பாலைவனத்தில் நிற்கிற மலை. அதன் பெயர் உலுரு.

திண்டுக்கல்லில் ஒரு மலையை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலிய மலை எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் மலைக்கோட்டைக்காகத்தான் அங்கே போகிறேன். சிறுமலைக்காகப் போகிறேன். இந்த வட்டாரத்தில் பெயர் உள்ளதும் பெயர் இல்லாததுமாய் நிற்கிற ஒவ்வொரு கரட்டுக்காகவும் போகிறேன். போய்விட்டுத் திரும்பி வருவோம்.

முதலில் அந்த மலை பிறந்த கதை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய மலைத்தொடர் இருந்தது. பூமியில் அப்போது தரைமேல் மரம் கிடையாது, புல் கிடையாது. மொட்டை மலைகள். மழை பெய்தால் தடுக்க எதுவும் இல்லை. மழை மலையை அரித்தது. அரித்த மணலை வெள்ளம் அடிவாரத்தில் கொண்டுவந்து கொட்டியது. கொட்டியதன்மேல் கொட்டியது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான கனத்துக்கு மணல் சேர்ந்தது. பிறகு கடல் வந்து மூடியது. கடல் கொண்டுவந்த சேறும் வண்டலும் மேலே ஏறி அழுத்த அழுத்த, அடியில் இருந்த மணல் இறுகிப் பாறையாயிற்று.

அந்தப் பாறையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் வரலாறு அதிலேயே இருக்கும். நம் காடுகரைகளில் கிடக்கிற வெங்கச்சங்கல்லின் பொடி அதில் இருக்கும். அதோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் நிறைய இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் வெயிலுக்கும் மழைக்கும் நெடுநாள் தாங்காது, களிமண்ணாக மாறிவிடும். ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வந்த மணலில் அது அதிகம் மிஞ்சுவதில்லை. உலுருவில் அது நிறைய இருக்கிறது. மணல்மணிகளின் முனைகளும் மழுங்காமல் சொரசொரப்பாக இருக்கின்றன. இதற்கு என்ன பொருள்? அந்த மணல் அதிக தூரம் பயணப்படவில்லை. பக்கத்து மலையிலிருந்து வந்தது, சீக்கிரமே புதைந்தது. இப்படிப்பட்ட மணற்பாறையைப் புவியியலாளர்கள் ஆர்க்கோஸ் என்கிறார்கள். ஒரு மணியின் முனையைப் பார்த்து, மறைந்துபோன ஒரு மலைத்தொடர் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். நான் வியந்து நின்ற இடம் இது.

கதை அதோடு முடியவில்லை. 40 கோடி ஆண்டுகளிலிருந்து 30 கோடி ஆண்டுகள் வரை நீண்ட ஒரு காலத்தில் அந்த நிலம் நெருக்குண்டு மடிந்தது. படுத்திருந்த மணற்படுகைகள், படுக்கவைத்த புத்தகக் கட்டைத் தூக்கி நிறுத்தியது போல, ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து நின்றன. சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் காலப்போக்கில் தேய்ந்து போயிற்று. தேயாமல் எஞ்சியது நின்றது. அதுதான் உலுரு. தரையிலிருந்து 348 மீட்டர் உயரம். அடிவாரச் சுற்றளவு 9.4 கிலோமீட்டர். நாம் பார்ப்பது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிதான். பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது.

அது சிவப்பாக இருக்கிறதே, அந்த நிறம் எங்கிருந்து வந்தது? துரு. பாறைக்குள் இருக்கும் இரும்பு, காற்றிலும் ஈரத்திலும் பட்டுத் துருவேறி அப்படிச் சிவந்திருக்கிறது. பூட்டு செய்கிற ஊரில் துருவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே உடைத்துப் பார்த்தால் அந்தப் பாறை சாம்பல் நிறம்.

நம் திண்டுக்கல் பாறை மணலால் ஆனதல்ல. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வந்த கடினப் பாறை. பிறப்பு வேறு; நிற்கிற விதம் ஒன்று. சுற்றிலும் சமவெளி, நடுவில் தனிப்பாறை. அங்கும் அப்படி, இங்கும் அப்படி. மழை மட்டும் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 300 மில்லிமீட்டர் அளவில்தான். நமக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது.

அந்தக் குறைந்த மழையை வைத்துக்கொண்டு அந்தப் பாறை என்ன செய்கிறது தெரியுமா? அதன் உச்சியில் பள்ளங்கள் உண்டு. நம் ஊர்ப் பாறைகளில் சுனை இருப்பது போலத்தான். வெயில் காலத்தில் அந்தப் பள்ளங்களில் உலர்ந்த மண்தான் கிடக்கும். அந்த மண்ணுக்குள் சின்னஞ்சிறு இறால் வகை ஒன்றின் முட்டைகள் காய்ந்து கிடக்கின்றன. ஒரு வருடம் அல்ல, பல வருடங்கள் அப்படியே கிடக்கும். ஒருநாள் மழை பெய்யும். பாறை முழுக்க வெள்ளிக் கோடுகளாக நீர் இறங்கும். பள்ளம் நிறையும். முட்டை பொரியும். அந்த உயிர் சில வாரங்களுக்குள் வளர்ந்து, முட்டையிட்டு, பள்ளம் வற்றுமுன் தன் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும்.

சரி, இந்த மலை யாருடையது?

அங்கே ஆனங்கு என்ற மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாறையின் ஒவ்வொரு பிளவும், ஒவ்வொரு குகையும், ஒவ்வொரு கறையும் ஒரு கதை. சமயம், சட்டம், வரலாறு, உறவுமுறை எல்லாம் சேர்ந்த ஒன்றை அவர்கள் ஜுகுர்ப்பா என்கிறார்கள். பாறையின் தெற்குப் பக்கத்தில் முட்டிஜுலு என்று ஒரு நீர்நிலை. அங்கே அவர்கள் வெளியாருக்கும் சொல்கிற கதை ஒன்று உண்டு. குனியா என்ற மலைப்பாம்புப் பெண் தன் முட்டைகளைச் சுமந்துகொண்டு உலுருவுக்கு வந்தாள். அவளுடைய மருமகனை லிரு என்ற விஷப்பாம்புக் கூட்டத்தார் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். கேட்டுக் கொதித்த குனியா, கிழங்கு தோண்டுகிற தன் கோலை எடுத்து லிரு வீரனின் தலையில் ஓங்கி அடித்தாள். அடித்த தழும்புகள் இன்றும் பாறையில் பிளவுகளாக இருக்கின்றன. அவள் ஊர்ந்து வந்த தடம் பாறை முகத்தில் நெளிந்த கருங்கோடாக இருக்கிறது.

நமக்கு இது புதிதா? சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிக்கொண்டு போகும்போது சிதறி விழுந்த துண்டு சிறுமலை என்று நம் பாட்டி சொல்லவில்லையா? கதை இல்லாத மலை நம்மிடமும் இருந்ததில்லை. ஆனங்குகள் தங்கள் கதைகளில் பலவற்றை வெளியாருக்குச் சொல்வதே இல்லை. ஆண்கள் மட்டும் அறிந்தவை உண்டு, பெண்கள் மட்டும் அறிந்தவை உண்டு. சில இடங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறார்கள். அதையும் மதித்துத்தான் அங்கே நடக்க வேண்டும்.

இந்த மலையை 1873-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் பார்த்தார். பார்த்ததும் என்ன செய்தார்? பெயர் வைத்தார். தென் ஆஸ்திரேலியாவில் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஹென்றி ஏர்ஸ் பெயரில் ‘ஏர்ஸ் ராக்’ என்றார். பெயர் வைத்ததும் என்ன செய்தார்? ஏறினார். அவரோடு ஏறியவர் கம்ரான் என்ற ஒட்டகக்காரர். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகங்களோடு ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவிலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ஏர்ஸின் பெயர் உலகப் படத்தில் ஏறியது. கூடவே மூச்சு வாங்க ஏறிய கம்ரானின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் வைப்பது, ஏறுவது. இந்த இரண்டும் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டன. 1958-இல் பழங்குடியினர் நிலத்திலிருந்து அந்தப் பகுதியைப் பிரித்துத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1964-இல் பாறையில் இரும்புக் கம்பங்களை அடித்துச் சங்கிலி கட்டினார்கள். பிறகு சங்கிலி இன்னும் மேலே நீண்டது. ஏறுகிறவர் கூட்டம் பெருகியது. வரிசையாக ஏறுகிறவர்களை ஆனங்குகள் எறும்புகள் என்று சொன்னார்கள். சரிவு கடுமையானது. 1950-களிலிருந்து அந்த ஏற்றத்தில் 37 பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஆனங்குகள் துக்கம் காத்தார்கள். நம் மண்ணுக்கு வந்த விருந்தாளி செத்துப்போனால் அது நம் பொறுப்பு என்பது அவர்கள் நெறி. உச்சியில் கழிப்பறை கிடையாது. மேலே மனிதர்கள் விட்டுவந்த அசுத்தம் மழையில் கரைந்து கீழே இருக்கும் நீர்நிலைகளுக்கு வந்தது. இறால் முட்டை காய்ந்து கிடக்கும் அந்தப் பள்ளங்களையும் இந்த நீர்நிலைகளையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஏறாதீர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசு கேட்டதா? 1983-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹாக், நிலத்தைத் திருப்பித் தருவோம், ஏறுவதை நிறுத்துவோம் என்று வாக்களித்தார். 1985 அக்டோபர் 26 அன்று நிலப் பத்திரம் ஆனங்குகள் கைக்கு வந்தது. வந்த அன்றே அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏறுவதும் நிற்கவில்லை. நிலம் உங்களுடையது, ஆனால் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உங்களுடையதல்ல! பாதிக் கொடை இது. என் மனத்தில் அதைக் கொடை என்றே சேர்க்க முடியவில்லை.

ஆனங்குகள் காத்திருந்தார்கள். வழக்குக்கும் வசவுக்கும் போகாமல் வந்தவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். அடிவாரத்தில் பல மொழிகளில் பலகை வைத்தார்கள். பாறையைச் சுற்றி நடக்கும் பாதையைக் காட்டினார்கள். மெல்ல மெல்ல ஏறுகிறவர் விகிதம் குறைந்தது. ஐந்தில் ஒருவருக்கும் கீழே போயிற்று. 2017 நவம்பரில், ஆனங்குகள் பெரும்பான்மையாக இருக்கும் பூங்கா வாரியம், சாமி வில்சன் என்ற ஆனங்குப் பெரியவர் தலைமையில், ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26, நிலம் திரும்பி வந்து சரியாக 34 ஆண்டுகள் நிறைந்த அன்று, ஏற்றம் நிரந்தரமாக மூடப்பட்டது. கடைசி வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் அவசர அவசரமாக வந்து வரிசையில் நின்று ஏறினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மூடிய பிறகு சங்கிலியை அகற்றினார்கள். பாதங்கள் தேய்த்த வெள்ளைத் தடம் மட்டும் பாறையில் இருக்கிறது. அது மறைய நெடுங்காலம் ஆகும்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்பீர்கள்: ஐயா, நாம் பழனிக்குப் படியேறிப் போகிறோமே, அது தவறா? மலை ஏறுவது தமிழனின் பக்தி அல்லவா?

தவறே இல்லை. பழனியில் மலையும் சாமியும் அடிவாரத்து மக்களும் ஏறி வா என்று அழைக்கிறார்கள். ஏறுகிறோம். உலுருவில் அந்த மலைக்கு உரியவர்கள் ஏறாதே என்கிறார்கள். ஏறக் கூடாது. ஏறலாமா கூடாதா என்பதை யார் சொல்வது என்பதுதான் என் பேச்சின் பொருள். காலடியில் வாழ்கிறவர் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதன் நிழலில் பிறந்து அதன் தண்ணீரைக் குடித்தவர் சொல்ல வேண்டும்.

நம் திண்டுக்கல் மலையை எண்ணிப் பாருங்கள். 1605-ஆம் ஆண்டு வாக்கில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் கோட்டை எழுந்தது. திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். 1755-இல் ஹைதர் அலி வந்தார். 1790-இல் கும்பினிப் படை பிடித்தது. வந்தவர் அனைவரும் உச்சியைத்தான் பார்த்தார்கள். உச்சியைப் பிடித்தால் ஊரைப் பிடிக்கலாம். பாறையில் வெட்டிய படிகளில் நீங்களும் ஏறியிருப்பீர்கள். மேலே பீரங்கி மேடு இருக்கிறது, மூலவர் இல்லாத கோயில் இருக்கிறது, சுனை இருக்கிறது. மதில்மேல் ஆணியால் கீறிய காதலர் பெயர்களும் இருக்கின்றன. ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒருமுறையாவது அதைச் சுற்றி நடந்து பாருங்கள் என்கிறேன். பௌர்ணமிக்குச் சுற்றி வருகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்றுகிறோமே, அந்த வழக்கம் நம் கால்களில் இருக்கிறது. உலுருவில் இன்று எல்லோரும் செய்வது அதையேதான். மலைக்கு வலமாக அதைச் சுற்றி வந்தால் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஆனால் ஒரு வேதனை உண்டு. சாமி இருக்கும் மலையைச் சுற்றுகிறோம். சாமி இல்லாத மலையை என்ன செய்கிறோம்?

வருவாய்த் துறைப் பதிவேட்டில் அதற்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கிறது: கல்லாங்குத்து. அல்லது பாறைப் புறம்போக்கு. அந்த ஒரு வார்த்தையோடு அது குவாரிக்குப் போகிறது. வெடி வைக்கிறார்கள். லாரி வருகிறது. கிரஷரில் போடுகிறார்கள். ஒரு பக்கம் ஜல்லி வருகிறது, இன்னொரு பக்கம் எம்-சாண்ட் வருகிறது. எம்-சாண்ட் என்றால் என்ன? பாறையை அரைத்துச் செய்த மணல்! அங்கே மணல் மலையாகப் பல கோடி ஆண்டுகள் ஆயின. இங்கே மலை மணலாக ஒரு ஷிஃப்ட் போதும்.

நியாயத்தை மறைக்க நான் விரும்பவில்லை. ஆற்றை அள்ளி அள்ளி ஆறு செத்ததால்தான் எம்-சாண்டுக்கு வந்தோம். நமக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், இந்த மண்டபமும் ஜல்லியும் சிமெண்டும் கலந்து கட்டியதுதான். எல்லாக் கிரஷரையும் நாளையே மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கரட்டை எடுப்பது, எதைத் தொடக் கூடாது என்பதை அதன் காலடியில் இருக்கும் ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். அதன் அடியில் யார் கிணறு இருக்கிறது? அதிலிருந்து வழிகிற தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது? ஏலம் விடுகிறவருக்கு இது தெரியாது. ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும்.

கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது. மேலூர் பக்கத்தில் அரிட்டாபட்டி. ஏழு மலைகள், 200 சுனைகள், வல்லூறும் ராஜாளியும் உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுகையும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலத்தை முடித்த செய்தி வந்தது. ஊர்கள் எழுந்தன. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் விவசாயிகள் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். அதே ஜனவரி மாதம் ஏலம் ரத்தாயிற்று. ஆனங்குகளுக்கு 34 ஆண்டுகள் ஆன ஒன்று அரிட்டாபட்டிக்காரர்களுக்கு மூன்று மாதத்தில் கைகூடியது. காரணம் என்ன? அவர்களிடம் எழுத்தில் இருந்தது. எந்த மலை, எந்தச் சுனை, எந்தப் பறவை என்று அரசாங்க அறிவிக்கையிலேயே இருந்தது.

மறுபடியும் ஒருமுறை உலுருவுக்குப் போவோம். அங்கிருந்து கல் எடுத்துப் போனவர்கள் அதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பூங்கா அலுவலகத்துக்குத் தபாலில் கல் வருகிறது. ஒரு கைப்பிடி மணல் வருகிறது. கூடவே மன்னிப்புக் கடிதம். இளமையில் எடுத்தேன், இப்போது மனம் உறுத்துகிறது என்று முதியவர்கள் எழுதுகிறார்கள். எடுத்ததிலிருந்து வீட்டில் கஷ்டம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே வைக்க முடியுமா? முடிவதில்லை. எந்தப் பிளவிலிருந்து எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? கல் திரும்பி வருகிறது. இடம் திரும்பி வருவதில்லை. கிரஷருக்குள் போன மலைக்கு அந்தத் தபாலும் கிடையாது.

போன மலை திரும்பாது; எழுத்தில் இருக்கிற மலையைக் காக்கலாம். ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேலையை விட்டுப் போகிறேன். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊராட்சிக்கும் உண்டு, பேரூராட்சிக்கும் உண்டு. அந்தக் குழு, ஊர் மக்களைக் கலந்துகொண்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அகரம் பேரூராட்சியில் கேளுங்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருக்கும் உங்கள் மாமா, சித்தப்பாவை அங்கே கேட்கச் சொல்லுங்கள். பதிவேடு இருந்தால் அதில் நம் கரடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஆடு மேய்க்கும் தாத்தாவோடும் சுள்ளி பொறுக்கும் அப்பத்தாவோடும் அந்தக் கரட்டைச் சுற்றி நடங்கள். இந்தப் பாறைக்கு என்ன பேர், அந்தச் சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்தப் பொந்தில் ஆந்தை இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.